மூணு கொட்டேஷன், மூணு கணக்கு: சோலார் கேள்வி பதில்

கேள்வி: வீட்டுக்கு சோலாரும் பேட்டரியும் போடலாம்னு மூணு பேர்கிட்ட கொட்டேஷன் வாங்கினேன். மூணு பேருமே "5 கிலோவாட் சோலார், 10 யூனிட் பேட்டரி"ன்னுதான் எழுதியிருக்காங்க, ஆனா அதிகமா கேக்கறவர் விலை குறைச்சலா கேக்கறவர் விலையைப் போல ஒன்றரை மடங்கு. குறைஞ்ச விலைக்குப் போனா ஏமாந்துடுவேனோன்னு பயம், கூடுதலா குடுத்தா இளிச்சவாயன் ஆயிடுவேனோன்னும் பயம். மூணு கொட்டேஷனையும் இதோட அனுப்பியிருக்கேன், பாத்து சொல்லுங்க.

பதில்: மூணையும் வரிசையா மேஜைல விரிச்சு வச்சு ஒரு சாயங்காலம் பூரா பாத்தேங்க. விலைய கையால மறைச்சுட்டுதான் படிச்சேன், நீங்களும் அப்படியே படிங்க. மூணு பேரும் ஒரே வார்த்தைய எழுதியிருக்காங்களே தவிர ஒரே சாமானை விக்கல.

முதல் ஆள் 550 வாட் பேனல் 10 போடறார், அதாவது 5.5 கிலோவாட். ரெண்டாவது ஆள், குறைச்சலா சொன்னாரே அவர், அதே 550 வாட்ல 8 பேனல்தான் போடறார், பெருக்கிப் பாருங்க, 4.4தான் வருது. அப்புறம் எப்படி 5 கிலோவாட்னு எழுதினார்னா அவர் சொல்றது இன்வெர்ட்டர் அளவை. பொய்னு சொல்ல முடியாது, ஆனா கரண்ட்டை உண்டாக்கறது பேனல்தான், இன்வெர்ட்டர் அதை மாத்திக் குடுக்கற பெட்டி. மூணாவது ஆள் 9 பேனல், 4.95. ஆக முதல் ஆளுக்கும் ரெண்டாவது ஆளுக்கும் பேனல்லயே கால்வாசி வித்தியாசம் இருக்கு. முதல் ஆளோடதுல இன்வெர்ட்டர் 5, பேனல் 5.5ன்னு இருக்கேன்னு பதறாதீங்க, அப்படிதான் போடுவாங்க, பேனல் தன் முழு வாட்டையும் குடுக்கற நேரம் ரொம்பக் கொஞ்சம். பேனல் மேல போட்டிருக்கற 550ங்கறது லேப்ல செல் சூடு 25 டிகிரில இருக்கும்போது அளந்தது. வெயில்ல கிடக்கற பேனல் சுலபமா 60 டிகிரி தாண்டும், ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3லேர்ந்து 0.4 சதவீதம் வரைக்கும் குறையும், கூட்டிப் பாத்தா பத்து சதவீதத்துக்கு மேல அங்கேயே போயிடும்.

பேட்டரிலதான் பெரிய வேடிக்கை. முதல் ஆள் எழுதியிருக்கறது 10.2 யூனிட் லித்தியம், கீழ பொடி எழுத்துல 90 சதவீதம் வரைக்கும்தான் எடுக்கலாம்னு இருக்கு, அப்ப உங்க கைக்கு வர்றது கிட்டத்தட்ட 9.2. மூணாவது ஆள் மட்டும்தான் "பயன்படுத்தக் கிடைப்பது 10 யூனிட்"னு தெளிவா எழுதியிருக்கார். ரெண்டாவது ஆளோடது 12 வோல்ட் 200 ஆம்பியர் ஹவர் லெட் ஆசிட் பேட்டரி நாலு. பெருக்கினா 9.6 வருது, அதைத்தான் 10ன்னு ரவுண்டு பண்ணிட்டார். லெட் ஆசிட்டை பாதிக்கு மேல உறிஞ்சினா ஆயுசு மடமடன்னு குறையும், அதனால தினமும் நிம்மதியா எடுக்கறது 4.8 யூனிட்தான். காகிதத்துல எழுதினதுல பாதி! இப்ப கையை எடுத்துட்டு விலைய பாருங்க, அது ஏன் குறைச்சல்னு புரியும்.

அடுத்தது பேட்டரிலேர்ந்து ஒரே நேரத்துல எவ்வளவு இழுக்கலாம்கறது. தொட்டில எவ்வளவு தண்ணி இருக்குங்கறது யூனிட், குழாய் எவ்வளவு பெருசுங்கறது கிலோவாட். 10 யூனிட் பேட்டரி வச்சிருந்தாலும் வெளிய 3 கிலோவாட்தான் குடுக்கும்னா ஏசியும் வாட்டர் ஹீட்டரும் சேந்து ஓடாது. தண்ணி மோட்டார் இருந்தா அதை தனியா சொல்லுங்க, ஏன்னா ஸ்டார்ட் ஆகற அந்த ஒரு நொடில ஓடறதை விட பல மடங்கு இழுக்கும். உங்க மூணு கொட்டேஷன்ல ரெண்டுல இந்த நம்பரே இல்லை.

இந்த இடத்துல என் கதைய சொல்லிடறேன். நான் முதல்ல சோலார் போட்டப்ப பேட்டரியும் சேத்துதான் வாங்கினேன், அதோட ராத்திரி கரண்ட் போனா வீடு பூரா எரியும்னு நானா நினைச்சுக்கிட்டேன், போட்டவரும் "அதெல்லாம் வரும் சார்"னு தலையாட்டினார், காகிதத்துல ஒண்ணும் இல்லை. கரண்ட் போன முதல் ராத்திரி பேட்டரி முழுசா நிரம்பி இருக்கு, ஃபேன் சுத்தல. என்னன்னு கேட்டா பேக்கப்புக்கு தனியா ஒரு மாற்றுப் பெட்டி வேணுமாம், அது "எக்ஸ்ட்ரா"வாம். லைன்ல கரண்ட் இல்லன்னா, லைனோட சேந்து ஓடற சாதாரண கிரிட் இன்வெர்ட்டர் தானாவே நின்னுடும், அது கோளாறு இல்லை, லைன்ல வேலை செய்யறவங்களுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு வச்ச பாதுகாப்பு. அதனால வீட்டை லைன்லேர்ந்து பிரிச்சு பேட்டரில ஓட்டற ஏற்பாடு இருக்கா, இருந்தா முழு வீட்டுக்கா இல்ல சில சர்க்யூட்டுக்கு மட்டுமா, எந்தெந்த ரூம், பகல்ல கரண்ட் இல்லாதப்ப பேனல் பேட்டரியை சார்ஜ் பண்ணுமா, இதெல்லாம் எழுத்துல வேணும். தலையாட்டலை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது, பட்டவன் சொல்றேன்.

வாரண்டிக்கு வருவோம். பேனலுக்கு ரெண்டு வாரண்டி உண்டு, சாமான் பழுதானா மாத்தித் தர்றது ஒண்ணு, இத்தனை வருஷம் கழிச்சும் இவ்வளவு சதவீதம் கரண்ட் வரும்ங்கறது இன்னொண்ணு. விக்கறவங்க "25 வருஷம் வாரண்டி"ன்னு பெருசா போடறது பெரும்பாலும் ரெண்டாவதைத்தான். இன்வெர்ட்டர் வாரண்டி இதை விட ரொம்பக் கம்மியா இருக்கும், பேனல் ஆயுசுக்குள்ள இன்வெர்ட்டர் ஒரு தடவையாவது மாத்த வேண்டி வரும்னு இப்பவே கணக்குல எழுதிக்கோங்க. பேட்டரில ஒருத்தர் 6000 சைக்கிள், இன்னொருத்தர் 8000 சைக்கிள்னு போட்டிருக்காங்க, 8000ஐ பாத்து மயங்காதீங்க. ஒரு தடவை சார்ஜ் ஏத்தி இறக்கறதுதான் ஒரு சைக்கிள், தினம் ஒண்ணுன்னாலும் பத்து வருஷத்துல 3650தான் ஆகுது, ரெண்டு பேர் வாரண்டியும் பத்து வருஷம்தான், அப்புறம் 6000 என்ன 8000 என்ன. கேக்க வேண்டியது, பத்தாவது வருஷம் எத்தனை சதவீதம் மிச்சம் இருக்கும்னு எழுதித் தர்றீங்க, மொத்தம் இத்தனை யூனிட் கடந்தா வாரண்டி முடியும்னு வரம்பு ஏதாவது இருக்கா, பழுதானா கழட்டி அனுப்பற கூலி யாரோடது. கடைசி கேள்விக்கு நிறைய பேர் தொண்டைய செருமுவாங்க.

இதெல்லாம் ஒண்ணா சேத்து நீங்களே ஒரு பக்கம் எழுதி மூணு பேருக்கும் ஒரே மாதிரி அனுப்புங்க: பேனல் மொத்தம் இத்தனை வாட், பேட்டரி எடுக்கக் கிடைக்கறது இத்தனை யூனிட், பேக்கப் இந்த இந்த ரூமுக்கு, விலை பேனல் தனி, இன்வெர்ட்டர் தனி, பேட்டரி தனி, ஸ்ட்ரக்சர், வயரிங், எர்த்திங், சர்ஜ் பாதுகாப்பு, மீட்டர் வேலை எல்லாம் தனித்தனி. மொத்தமா ஒரே நம்பர்தான் தருவேன்னு அடம்பிடிக்கறவரை விட்டுடுங்க. பிரிச்சு வந்ததும் பேனல் விலைய வாட்டால வகுங்க, பேட்டரி விலைய எடுக்கக் கிடைக்கற யூனிட்டால வகுங்க, ஒன்றரை மடங்குல எவ்வளவு மிஞ்சுதுன்னு எனக்கும் எழுதுங்க.

கேள்வி: ஒருத்தர் எங்க கூரைல வருஷத்துக்கு 7500 யூனிட் வரும்ங்கறார், இன்னொருத்தர் அதே 5 கிலோவாட்டுக்கு 8500ங்கறார். ரெண்டாவது ஆளோடது நல்ல பேனலா?

பதில்: நல்ல பேனல் இல்லைங்க, நல்ல மனசு. ஒரே கூரை, ஒரே திசை, ஒரே சாய்வுன்னா ஒரு கிலோவாட்டுக்கு 1500ம் 1700ம் ரெண்டும் வர வாய்ப்பில்லை, கம்ப்யூட்டர்ல யாரோ இழப்பை, அதாவது வழில வீணாகற கரண்ட்டை, குறைச்சுப் போட்டிருக்காங்க இல்ல நிழலை மறந்திருக்காங்க. நீங்களே சரி பாக்கலாம், அமெரிக்க அரசாங்க லேப் ஒண்ணோட பிவி வாட்ஸ், ஐரோப்பிய கமிஷனோட பிவிஜிஐஎஸ், ரெண்டும் இலவசம், இடத்தையும் சாய்வையும் குடுத்தா மாசாமாசம் எவ்வளவு வரும்னு காட்டிடும். ரெண்டுமே இழப்புன்னு ஆரம்பத்துலயே 14 சதவீதம் வச்சிருக்கும். அதை விட ரொம்பக் குறைச்சு போட்டவர்கிட்ட காரணம் கேளுங்க.

அதே காகிதத்துல "எத்தனை வருஷத்துல போட்ட காசு திரும்பும்"னு ஒரு பட்டியல் இருக்கும், அதுல கரண்ட் கட்டணம் வருஷத்துக்கு எத்தனை சதவீதம் ஏறும்னு வச்சிருக்காங்கன்னு தேடுங்க. 8 சதவீதம்னு வச்சா 25 வருஷத்துல யூனிட் விலை கிட்டத்தட்ட 7 மடங்கு ஆயிடும், 3 சதவீதம்னா ரெண்டு மடங்குதான். லாபம் மொத்தமும் அந்த ஒரு கட்டத்துல ஒளிஞ்சிருக்கும்.

கேள்வி: கூரைல தண்ணித் தொட்டி நிழல் காலைல விழுது. ஒருத்தர் ஒவ்வொரு பேனலுக்கும் தனித்தனியா சின்ன இன்வெர்ட்டர், அதாவது மைக்ரோ இன்வெர்ட்டர்தான் போடணும்ங்கறார், விலை எக்கச்சக்கம்.

பதில்: காலைல மட்டும் ரெண்டு பேனல் மேல விழற நிழலுக்காக கூரை பூராவுக்கும் மைக்ரோ இன்வெர்ட்டர் போட அவசியம் இல்லை. முதல்ல பேனலை தள்ளிப் போட முடியுமான்னு பாருங்க, இல்லன்னா நிழல் விழற பேனலுக்கு மட்டும் ஆப்டிமைசர், அதாவது அந்த பேனல் மத்த பேனலையும் சேத்து கீழ இழுக்காம பாத்துக்கற சின்னப் பெட்டி, போட முடியுமான்னு கேளுங்க, எல்லா இன்வெர்ட்டருக்கும் அது ஒத்து வராது. நாள் பூரா அங்கங்க மரம், பக்கத்து மாடின்னு நிழல் சுத்துதுன்னா, இல்ல கூரை மூணு நாலு திசைல உடைஞ்சிருக்குன்னா அப்ப அவர் சொல்றதுல நியாயம் இருக்கு.

கேள்வி: இப்ப பேனல் மட்டும் போட்டுட்டு பேட்டரி ரெண்டு வருஷம் கழிச்சு வாங்கிக்கலாமா?

பதில்: தாராளமா. ஆனா "பேட்டரி ரெடி இன்வெர்ட்டர்"னு சொன்னா எந்தெந்த பேட்டரி மாடல் அதோட சேரும்ங்கற பட்டியலை வாங்கி வச்சுக்கோங்க, சில இன்வெர்ட்டர் தன் கம்பெனி பேட்டரியைத் தவிர வேற எதையும் ஏத்துக்காது. ராத்திரி எவ்வளவு யூனிட் செலவாகுதுன்னு அதுக்குள்ள மீட்டர் பாத்து எழுதிட்டு வந்தா சரியான சைஸ்ல வாங்கலாம், பாதி பேர் தேவைக்கு மேலதான் வாங்கறாங்க.

கேள்வி: எங்க வீட்டுக்காரர் பேசி முடிச்ச ஆள் முழுப் பணமும் முன்னாடியே கேக்கறார், குடுத்தா பத்து சதவீதம் தள்ளுபடியாம். குடுக்கலாமா?

பதில்: வேண்டாம்மா. கொஞ்சம் அட்வான்ஸ், சாமான் வந்து சீரியல் நம்பர் சரி பாத்ததும் கொஞ்சம், ஓடி மீட்டர் மாத்தி பேக்கப்பையும் மெயினை ஆஃப் பண்ணிக் காட்டினதும் மிச்சம். ஒத்துக்கலன்னா வீட்டுக்காரர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க.