நான்கு வட்டிக்கு ஒரு போன்

கேள்வி: நான் தண்டையார்பேட்டையில் வீட்டு வாசலிலேயே காலை இட்லிக்கடை போடுகிறேன். கணவர் மணலியில் ஒப்பந்தத் தொழிலாளி; மாதம் ஏழாம் தேதிதான் சம்பளம். மகன் பி.காம். இரண்டாம் ஆண்டு. அவனுடைய போன் தண்ணீரில் விழுந்து, இனிச் சரிசெய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவன் கேட்கும் போனின் விலை 24,000 ரூபாய். என் கையில் 9,000 இருக்கிறது. எம்.சி. ரோட்டில் ஒரு கடையில் ‘வட்டியே இல்லை, எட்டுத் தவணை, மாதம் 3,000, இரண்டு தவணையை மட்டும் முன்பணமாகக் கட்டுங்கள்’ என்கிறார்கள். கோப்புக் கட்டணம் 799 ரூபாய், திரைக் காப்பீடு 1,499 ரூபாய். பக்கத்து வீட்டுக்காரர் அதே கடையில் அதே போனை ரொக்கம் கொடுத்து 22,500க்கு வாங்கி வந்தார். என் கொழுந்தனார் தன் கிரெடிட் கார்டில் வாங்கித் தருவதாகவும், இணையத்தில் 1,500 ரூபாய் தள்ளுபடி கிடைக்கும் என்றும் சொல்கிறார். தெருவில் 20,000 ரூபாய்ச் சீட்டில் பதின்மூன்று மாதம் கட்டியிருக்கிறேன், இன்னும் எடுக்கவில்லை. இப்போது எடுத்தால் 2,000 தள்ள வேண்டியிருக்கும். ஒரு சவரன் கம்மல் இருக்கிறது. அதை வைக்க மனம் வரவில்லை. ‘தண்டல் வாங்கினால் நூறு நாளில் முடிந்துவிடும்’ என்கிறார் கணவர். எதில் செலவு குறைவு? வட்டியில்லாத் தவணைதானே நல்லது?
- பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

பதில்:

அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த அந்த 22,500 ரூபாயில். போனின் விலை அதுதான். 24,000 என்பது தவணைக்காரர்களுக்கு வைத்த விலை. எந்த வழியைப் பார்த்தாலும் 22,500க்கு மேல் கையை விட்டு எவ்வளவு போகிறது என்று மட்டும் பாருங்கள். ‘மாதம் எவ்வளவு கட்ட முடியும்?’ என்று கடைக்காரர் முதலில் கேட்பது, இந்தக் கணக்கு உங்கள் கண்ணில் படாமல் இருக்கத்தான்.

கடைக்காரரின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். எட்டுத் தவணை 24,000. கோப்புக் கட்டணம் 799. மொத்தம் 24,799. ரொக்க விலையைவிட 2,299 ரூபாய் அதிகம். ‘அவ்வளவுதானே’ என்று தோன்றும். ஆனால் முதல் நாளே நீங்கள் 6,799 ரூபாயை எண்ணி வைத்துவிடுகிறீர்கள். ஆக, 22,500 ரூபாய்ப் பொருளுக்கு அவர்கள் உண்மையில் உங்களுக்குக் கடனாகத் தருவது 15,701 ரூபாய் மட்டுமே. அதற்கு ஆறு மாதத்தில் 18,000 ரூபாய் திருப்பிக் கட்டுகிறீர்கள். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், நூற்றுக்கு மாதம் நான்கு ரூபாய்க்குச் சற்று மேலே வருகிறது. நம் பக்கத்துப் பேச்சில் சொன்னால் நான்கு வட்டி. ஆண்டுக்கு 48 சதவீதம். நான்கு வட்டிக்குப் பணம் தருகிறேன் என்று யாராவது உங்கள் வாசலில் வந்து நின்றால் விளக்குமாற்றைத் தேடியிருப்பீர்கள். குளிரூட்டிய கடையில் நாற்காலி போட்டுச் சொன்னால் அதற்குப் பெயர் வட்டியில்லாத் தவணை!

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. கடன் கொடுக்கும் நிறுவனம் தனக்கு வரவேண்டிய வட்டியைக் கடைக்காரரிடமோ போன் கம்பெனியிடமோ முன்கூட்டியே கழித்துக்கொள்கிறது. கடைக்காரர் ரொக்கக்காரருக்குத் தரும் தள்ளுபடியை உங்களுக்குத் தராமல் அதைச் சரிக்கட்டிக்கொள்கிறார். 2013 செப்டம்பரிலேயே, கிரெடிட் கார்டுகளின் பூஜ்ய வட்டித் தவணைத் திட்டங்களைப் பற்றி ரிசர்வ் வங்கி இதைத்தான் சொன்னது: வட்டியைக் கட்டணம் என்ற பெயரில் மறைத்து வாடிக்கையாளர் தலையிலேயே கட்டுகிறார்கள் என்று கண்டித்துப் பூஜ்ய வட்டி என்று சொல்லக் கூடாது என்றது. அதன் பிறகு விளம்பரத்தில் சொல் மாறியது. கணக்கு மாறவில்லை.

கடைக்காரருக்கும் நியாயம் செய்ய வேண்டும். ரொக்கத்துக்கும் தவணைக்கும் ஒரே விலையாக இருந்தால், உங்களுக்கு உண்மையான செலவு அந்த 799 ரூபாய் மட்டுமே. அப்போது அது ஏறத்தாழ ஒன்றேகால் வட்டி; மோசமில்லை. புதிதாக வந்த சில போன்களுக்குக் கம்பெனியே வட்டியை ஏற்றுக்கொள்வதும் உண்டு. ஆகவே கடைக்குள் நுழைந்ததும் தவணை என்ற பேச்சை எடுக்காமல், ‘ரொக்கமாகக் கொடுத்தால் கடைசி விலை என்ன?’ என்று கேளுங்கள். அதை ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு தவணையைப் பற்றிப் பேசுங்கள். வரிசை மாறினால் ரொக்க விலை வெளியே வராது.

திரைக் காப்பீட்டை வேண்டாம் என்று சொல்லுங்கள். ‘அது இல்லாமல் கடன் வராது’ என்றால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். தரமாட்டார்கள், காப்பீடும் பில்லிலிருந்து கழன்றுவிடும். அதையும் சேர்த்துக்கொண்டால் மொத்தம் 26,298 ரூபாய் ஆகிவிடும்.

கடன் வாங்குவதென்றே முடிவு செய்தால் ஒரு தாளைக் கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபர் 1 முதல் இப்படிப்பட்ட தனிநபர் கடன்களுக்கு, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் முக்கிய விவர அறிக்கை கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கட்டணங்களையெல்லாம் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று அதில் இருக்கும். தமிழில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ரொக்கத்துக்குக் கிடைத்திருக்கக்கூடிய, நீங்கள் இழந்த அந்த 1,500 ரூபாய்த் தள்ளுபடி அந்தத் தாளில் இருக்காது. அதை நீங்கள்தான் கூட்டிக்கொள்ள வேண்டும். தவணை தேதியையும் பாருங்கள். கணவருக்கு ஏழாம் தேதி சம்பளம். இரண்டாம் தேதியோ ஐந்தாம் தேதியோ வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க வந்தால் என்ன ஆகும்? பணமில்லை என்று திரும்பியதும் வங்கி ஒரு கட்டணம் போடும், கடன் நிறுவனம் இன்னொன்று போடும். கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணும் அவர் பெயரில் இறங்கும். நாளைக்கு மகனின் மேற்படிப்புக்குக் கடன் கேட்டுப் போகும்போது, இந்தப் போன் அங்கே வந்து நிற்கும்.

கொழுந்தனாரின் கார்டைப் பார்ப்போம். 24,000 ரூபாயில் 1,500 தள்ளுபடி போனால் 22,500, அதுவரை நல்லது. அதை ஆறு மாதத் தவணையாக 16 சதவீத வட்டிக்கு மாற்றினால் வட்டி 1,062 ரூபாய். கார்டுத் தவணையின் வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, அது 191. கோப்புக் கட்டணம் 199 என்று வைத்தால், வரியோடு 235. மொத்தம் 23,988. கடைத் தவணையைவிட 800 ரூபாய் குறைவு. பணக் கணக்கில் இது பரவாயில்லை. ஆனால் மாதம் 3,900 ரூபாய்க்கு மேல் அவர் கையில் கொடுக்க வேண்டும். ஒரு மாதம் நீங்கள் தாமதித்து அவரும் கட்டாமல் விட்டால், கார்டுக்காரர் போடும் வட்டி மாதம் மூன்றரை சதவீதத்தைத் தொடும். அதன் பிறகு தீபாவளிக்கு அந்த வீட்டுக்குப் போவது சிரமம். ஓரகத்தி வாயால் ‘அந்தப் போன் பணம்’ என்று ஒருமுறை கேட்டுவிட்டால் மிச்சப்பட்ட 800 ரூபாய்க்கு அர்த்தமில்லை. உறவுக்குள் தவணை வைப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

தண்டல் வேண்டவே வேண்டாம். உங்கள் தெருவில் நடக்கும் கணக்கு உங்களுக்கே தெரியும்: பத்தாயிரம் என்று பெயர், கையில் வருவது எட்டாயிரத்து ஐந்நூறு, தினம் நூறு ரூபாயாக நூறு நாள். 22,500இல் கையிலிருக்கும் 9,000 போக உங்களுக்குத் தேவை 13,500 என்பதால் 16,000 ரூபாய்த் தண்டல் எடுத்து, கையில் 13,600 வாங்கி, தினம் 160 கட்டுவீர்கள். போவது 2,400 ரூபாய். கடைத் தவணையில் போகும் 2,299க்கும் இதற்கும் நூறு ரூபாய்தான் வித்தியாசம் என்று உங்கள் கணவர் சொல்லக்கூடும். ஆனால் அது ஆறு மாதம், இது நூறு நாள். வட்டியாகப் பார்த்தால் இது பத்து வட்டி. தவிர, 160 ரூபாய் போவது உங்கள் கல்லாவிலிருந்து. அரிசியும் உளுந்தும் வாங்கும் முதலிலிருந்து தினமும் அதை எடுத்தால், மழை பெய்து கடை போடாத நாலாவது நாள் இன்னொரு தண்டல்காரரைத் தேட வேண்டிவரும். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலிருந்தே கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. அது இருப்பதால் தண்டல்காரர் காலையில் வராமல் போவதில்லை.

இனிச் சீட்டு. இப்போது 2,000 தள்ளி எடுத்தால் 18,000 கையில் வரும். தள்ளிய 2,000ஐ எல்லாருக்கும் பிரிக்கும்போது உங்கள் பங்காக 100 ரூபாய் திரும்பி வரும். அந்தப் பணத்தில் பெரும்பகுதி நீங்களே பதின்மூன்று மாதமாகக் கட்டியது. உங்கள் சொந்தப் பணத்தை எடுக்க 1,900 ரூபாய் கொடுப்பானேன்? கடைசி இரண்டு மூன்று மாதங்களில் எடுக்க ஆள் இல்லாமல் தள்ளு சில நூறாகிவிடும். கடைசிச் சீட்டுக்கு அதுவும் கிடையாது. பொறுமையாக இருந்தவருக்குத்தான் சீட்டில் லாபம். நீங்கள் ஏற்கெனவே பாதிக்கு மேல் பொறுத்துவிட்டீர்கள்.

நான் சொல்வது நீங்கள் மனம் வரவில்லை என்று எழுதிய வழியைத்தான். கம்மலை வையுங்கள். அடகுக்கடையில் அல்ல, வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ. மாதம் ஒரு சதவீதம் என்று வைத்தாலும், 13,500 ரூபாய்க்கு ஆறு மாதத்துக்கு முழு வட்டி 810 ரூபாய். நகைக்கடனில் கையில் இருப்பதை அவ்வப்போது கட்டிக் கணக்கைக் குறைத்துக்கொள்ளலாம். மாதம் 2,250 கட்டினால் வட்டி 475 ரூபாய்க்குள் அடங்கிவிடும். மதிப்பீட்டுக் கட்டணம் சில நூறு வரலாம், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அதே நகையைத் தெருமுனை அடகுக்கடையில் இரண்டு வட்டிக்கு வைத்தால் 1,620 ரூபாய். அந்தக் கடையில் கூட்டமில்லை, படிவமில்லை, ஐந்து நிமிடத்தில் பணம் என்பது உண்மைதான். வங்கியில் அரைநாள் போகும். அந்த அரைநாளுக்குக் கூலி 810 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சீட்டை நிறுத்தாமல் கட்டிக்கொண்டே வாருங்கள். கடைசி மாதங்களில் அது கைக்கு வரும்போது கம்மலை மீட்டுவிடலாம், மிச்சமும் நிற்கும். ஆனால் சீட்டை மட்டுமே நம்பிக் கடனை அப்படியே போட்டு வைக்காதீர்கள். பதிவு செய்யாத சீட்டை 1982ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. பிடிப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஒரு நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டால் உங்கள் கையில் இருப்பது நோட்டுப் புத்தகத்தில் போட்ட கையெழுத்து மட்டுமே. மாதம் ஓராயிரமாவது நகைக்கடனில் கட்டி வாருங்கள். அவசரத்துக்குக் கையில் ஏதாவது இருக்கட்டும் என்று தோன்றினால் 2,000 கூடுதலாகவே வாங்கிக்கொள்ளுங்கள். மாதம் 20 ரூபாய்தான் கூடும்.

‘கம்மலை வைத்துப் போன் வாங்கினாள்’ என்று தெருவில் பேசுவார்கள் என்பதுதானே தயக்கம்? நான்கு வட்டிக்குப் போன் வாங்கியவர்களைப் பற்றி எம்.சி. ரோடு நெடுக யாரும் பேசுவதில்லை. பெட்டியோடு படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

பழைய போன் வேண்டாம் என்று மகன் சொல்லியிருக்கலாம். இருந்தாலும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ ஒரு வருடம் பழகிய போன் பாதி விலைக்குக்கூட அமையலாம். அப்படி வாங்கினால், *#06# என்று அழுத்தியதும் வரும் பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை, ஆங்கிலத்தில் கே.ஒய்.எம். என்ற மூன்று எழுத்துக்குப் பிறகு இடைவெளி விட்டு எழுதி, 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். எண் முடக்கப்பட்டது என்றோ வேறு இடத்தில் பயன்பாட்டில் இருக்கிறது என்றோ பதில் வந்தால் பணத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். புதிய போனானாலும் ‘பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன்’ என்ற பேச்சுக்குப் போகாதீர்கள். உத்தரவாதம் கேட்டுப் போகும்போது அந்தப் பில்தான் பேசும்.

மகனிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்க வேண்டாம். பி.காம். படிக்கிறான்; வட்டிக் கணக்கு அவனுடைய பாடம். இந்தப் பக்கத்தைக் கிழித்து அவன் கையில் கொடுங்கள். 15,701 ரூபாய்க்கு மாதம் 3,000 வீதம் ஆறு மாதம் கட்டினால் நான்கு வட்டி எப்படி வருகிறது என்று அவனே போட்டுப் பார்க்கட்டும். போட்டு முடித்ததும், கடைக்குப் போய் ரொக்க விலையை எழுதி வாங்கி வரும் வேலையையும் அவனிடமே கொடுங்கள்.