செருப்பு வாசலிலேயே இருக்கட்டும்

கேள்வி: பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வயது 66. மனைவி இறந்து ஐந்து வருடம் ஆகிறது. மகன் சென்னையில், மகள் கோவையில். காலை நடைப்பயிற்சியில் அறிமுகமான 59 வயதுப் பெண்மணியும் நானும் ஒரு வருடமாகப் பழகுகிறோம். அவர் கணவர் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து காலமானவர். குடும்ப ஓய்வூதியத்தில்தான் இவர் வாழ்கிறார். வாரம் ஒரு நாள் என் வீட்டுக்கு வருவார், சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவோம். எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்துவிடக் கூடாது என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரச் சொல்வேன், கதவுக்குப் பின்னால் பேப்பர் விரித்து வைத்திருக்கிறேன், அவரும் சிரித்துக்கொண்டே அதில் வைப்பார். கல்யாணம் செய்துகொள்ள ஆசை. இந்த வயதில் இது தேவையா என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?
– பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: ஐயா, இதே கேள்வியோடு எத்தனையோ கடிதங்கள் வந்துவிட்டன, எல்லோரும் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தப் பேப்பரைப் பற்றிப் பேசுவோம்.

பேப்பர் விரித்து வைக்கும் அளவுக்கு யோசித்திருக்கிறீர்கள். அந்த அம்மா படியேறி வந்து, குனிந்து செருப்பைக் கழற்றி, கையில் தூக்கிக்கொண்டு, எதிர்வீட்டு ஜன்னலை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே நுழைகிறார். வாராவாரம். ஐம்பத்தொன்பது வயதில், ஊரறிய ஒரு வாத்தியார் வீட்டில் மரியாதையாக வாழ்ந்தவர். சிரித்துக்கொண்டே வைப்பார் என்று எழுதியிருக்கிறீர்களே, வேறு என்ன செய்வார்? உங்கள் வீட்டு வாசலில் நின்று சண்டையா போடுவார்? அந்தச் சிரிப்பை நீங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அது அவமானத்தை விழுங்குகிற சிரிப்பாகத்தான் படுகிறது. பால்காரர், கேபிள்காரர் எல்லோருடைய செருப்பும் உங்கள் வாசலில் கிடக்கலாம், கட்டிக்கொள்ள நினைக்கிற பெண்ணின் செருப்பு மட்டும் கிடக்கக் கூடாதா?

நாலு பேர் பேசத்தான் செய்வார்கள். ஆனால் அந்தப் பேச்சில் உங்களுக்கு ஒன்றும் ஆகாது, மனைவியை இழந்த மனுஷன், பாவம், துணை தேடிக்கொண்டார் என்பதோடு விட்டுவிடுவார்கள். ஏச்செல்லாம் அந்த அம்மாவுக்குத்தான், அதுவும் ஒளிந்து வருவது தெரிந்தால் இரண்டு மடங்கு. அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து அவரையே குற்றவாளி மாதிரி நடத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்று. மறுமணம் செய்தால் அவருடைய குடும்ப ஓய்வூதியம் நின்றுவிடும், விதி அப்படி. உங்களை நம்பி அவர் விடப்போவது மாதாமாதம் கைக்கு வரும் சொந்தப் பணம். அதற்கு நீங்கள் என்ன ஏற்பாடு வைத்திருக்கிறீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே! ஓய்வுக்குப் பிறகு கட்டிய மனைவிக்கும் ரயில்வே குடும்ப ஓய்வூதியம் உண்டு. கல்யாணத்தைப் பதிவு செய்த கையோடு பென்ஷன் ஆர்டரில் அவர் பெயரைச் சேர்க்க மனு கொடுங்கள், நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளாதீர்கள். வீடு உங்கள் சொந்தச் சம்பாத்தியம் என்றால் உயில் எழுதுங்கள். எழுதாமல் நீங்கள் கண்ணை மூடினால் மனைவி, மகன், மகள் மூவருக்கும் சமபங்கு வரும், அங்கேதான் பிள்ளைகளுக்கும் அவருக்கும் சண்டை மூளும். அவர் ஆயுள் வரைக்கும் அந்த வீட்டில் இருக்கட்டும், அதற்குப் பிறகு பிள்ளைகளுக்கு என்று எழுதினால் ஒருவர் வயிற்றிலும் அடித்ததாக ஆகாது.

உங்கள் மனைவியின் நகை இருக்கிறது அல்லவா? அதை இப்போதே பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். புதிதாக வருபவர் கழுத்தில் அம்மாவின் சங்கிலியைப் பார்க்கிற நிலைமை எந்த மகளுக்கும் வரக் கூடாது. இதில் நான் பிடிவாதக்காரி.

சரி, பிள்ளைகள். அவர்களிடம் அனுமதி கேட்காதீர்கள். பெற்று, வளர்த்து, கல்யாணமும் செய்து வைத்தாகிவிட்டது, உங்கள் கல்யாணத்துக்குக் கையெழுத்துப் போடுகிற உரிமை அவர்களுக்கு இல்லை. ஆனால் அப்பா வாயிலிருந்து, நேரில், முதலில் தாங்கள்தான் கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் சொல்லித் தெரிந்தால் அந்தக் கோபம் நியாயமான கோபம்தான். இந்த வயதில் தேவையா என்று கேட்டால், தேவை என்று ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். மாத்திரை எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும், சமைத்துப் போட ஆள் வேண்டும் என்று தயவுசெய்து நீட்டாதீர்கள், அந்த அம்மா சம்பளமில்லாத நர்ஸாக வரவில்லை. அவரைப் பிடித்திருக்கிறது, அவரோடு இருக்க ஆசைப்படுகிறேன் என்று சொல்ல உங்களுக்கு என்ன கூச்சம்?

அழுவார்கள், கொஞ்ச நாள் போன் பேச மாட்டார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள், அம்மாவை நினைத்து அழுகிறார்கள், அதைத் தப்பாக எடுக்காதீர்கள்.

ஆனால் கோவைக்கும் சென்னைக்கும் டிக்கெட் போடுவதற்கு முன்னால் அந்த அம்மாவிடம் பேசுங்கள். பென்ஷன் நிற்கும் என்பதை மறைக்காமல் சொல்லி, அப்புறமும் கல்யாணம் வேண்டுமா என்று கேளுங்கள். யோசிக்க அவர் எத்தனை நாள் கேட்டாலும் கொடுங்கள். வேண்டாம், இப்படியே நண்பர்களாக இருப்போம் என்றால் அதையும் மதியுங்கள். எதுவானாலும் வருகிற வாரம் அவர் வரும்போது நீங்களே வாசலுக்குப் போய், வாங்க என்று எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கூப்பிடுங்கள்.