கேமில் காசு ஏன் 2147483647ல் நின்றது?

கேள்வி: என் பையன் மொபைலில் ஆடும் ஒரு கேமில் காசு 2147483647 ஆனதும் நின்றுவிட்டது, அதற்கு மேல் ஒன்றுகூட ஏறவில்லை. போன் பழுதா, இல்லை இந்த எண்ணில் ஏதாவது விசேஷமா?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: போனுக்கு ஒன்றும் இல்லை. கேமை எழுதியவர் காசுக்கு ஒதுக்கிய இடம் 32 பிட்தான், அதாவது 0 அல்லது 1 மட்டும் பிடிக்கும் 32 கட்டங்கள்தான் போலிருக்கிறது. அதில் ஒரு பிட் ப்ளஸ்ஸா மைனஸா என்று காட்டவே போய்விடும். மீதி 31 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் இந்த 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. முப்பத்தொரு இரண்டுகளைப் பெருக்கி அதில் 1 கழித்துப் பாருங்கள், இதுதான் வரும். நல்லவேளை, எழுதியவர் எல்லையிலேயே நிறுத்திவிட்டார். அப்படியே விட்டிருந்தால் அடுத்த காசு விழுந்ததும் −2147483648 என்று காட்டியிருக்கும், பையன் ஒருபாடு அழுதிருப்பான். 1970 ஜனவரி 1லிருந்து நொடிகளை எண்ணும் பழைய 32 பிட் கம்ப்யூட்டர்களுக்கும் இதே கண்டம் இருக்கிறது: 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு எண் நிரம்பிவிடும், அடுத்த நொடி தேதி 1901க்குப் போய்விடும்.

சரி, விசேஷம் கேட்டீர்களே. இது பகா எண். 1772ல் ஆய்லர் என்ற கணித மேதை இதை நிறுவினார், அதுவும் கண்பார்வை ஏறக்குறைய முழுக்கப் போன பிறகு. நேர்வழியில் போனால் 46,340 வரையுள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும், அதாவது 4,700க்கும் மேற்பட்ட எண்களால், வகுத்துப் பார்க்க வேண்டும். அவர் அந்தப் பக்கமே போகவில்லை. இதற்கு ஒரு பகாக் காரணி இருந்தால் அதை 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63தான் வர முடியும் என்று காட்டிவிட்டார். அதனால் வடிகட்டி நிற்கும் முதல் பகா எண் 311. வகுத்தால் மீதி 35, ஆகவே இல்லை. அடுத்தது? நேராக 1303! நடுவில் வரும் 497, 559, 745 எல்லாம் பகா எண்களே அல்ல, தொடவே வேண்டாம். 1303ஆல் வகுத்தால் மீதி 226, அதுவும் இல்லை. இப்படியே 46,340 வரை போக வேண்டும், ஆனால் வேலை பல மடங்கு குறைந்துவிட்டது பாருங்கள்.

இந்த எண்ணிலிருந்து 2305843008139952128 என்ற எண் பிறக்கிறது. தன்னைத் தவிர்த்த காரணிகளைக் கூட்டினால் தானே வரும் வகை, 1+2+3=6 மாதிரி. இதைவிடப் பெரியதை இனி யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, பயனில்லாத வேலைக்கு யார் மெனக்கெடுவார் என்ற தோரணையில் 1811ல் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணிதர் எழுதிவைத்தார். அவசரப்பட்டுவிட்டார்!

கம்ப்யூட்டர் எல்லையே பகா எண்ணாக அமைந்தது வெறும் தற்செயல். 16 பிட் எல்லை 32767, அது 7×31×151. 64 பிட் எல்லை 9223372036854775807. பையனுக்குப் பொழுது போகவில்லை என்றால் அதை 7ஆல் வகுக்கச் சொல்லுங்கள், மீதி வராது.