பப் மாடியில பாடறவங்க – கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

ஈஸ்ட் ஹாம்ல இருக்கேன், சாஃப்ட்வேர் வேலை. போன மாசம் ஆபீஸ் நண்பர் ஒருத்தர் கூப்பிட்டாருன்னு கேம்டன் பக்கம் ஒரு பப்புக்குப் போனேன். மெயின் பேண்ட் வர்றதுக்கு முன்னாடி ஒரு பொண்ணு கிட்டாரை மட்டும் வெச்சுகிட்டு அஞ்சாறு பாட்டு பாடுச்சு. பேண்ட் பாடினது ஒண்ணுகூட இப்ப மனசுல இல்ல, அந்தப் பொண்ணு பாடினதுதான் ஓடிட்டே இருக்கு. வீட்டுக்கு வந்து ஸ்பாட்டிஃபைல தேடினா ரெண்டே பாட்டு. அதைக் கேட்டதுல இருந்து 'இண்டி ஃபோக்'னு எதையெதையோ அதுவே போடுது, எல்லாமே ஒரே ஆள் பாடற மாதிரி இருக்கு. இந்த மாதிரி புது ஆளுங்களை எப்படிக் கண்டுபிடிக்கறது? இங்கிலீஷ் ஃபோக், அதாவது அவங்க நாட்டுப்புறப் பாட்டு, பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது, அது தெரியாம போய் உக்காந்தா பரவாயில்லையா? அந்த ரூம்ல நம்ம ஆள்னு நான் ஒருத்தன்தான் இருந்தேன், அதுவும் ஒரு மாதிரி இருந்துச்சு.

– சு., லண்டன்

அன்புள்ள தம்பி,

மெயின் பேண்டை மறந்துட்டு முன்னாடி பாடினவங்களை ஞாபகம் வெச்சிருக்கீங்க பாருங்க, அதுலயே பாதி வேலை முடிஞ்சுது. நிறைய பேர் அந்த நேரத்துல பார் கவுண்டர்ல நிப்பாங்க, இல்லனா எட்டரைக்கு மேல வந்தா போதும்னு வீட்லயே இருப்பாங்க. ஆனா அந்தப் பொண்ணு பேரை எழுதாம விட்டுட்டீங்களே, அடுத்த கடிதத்துல கண்டிப்பா எழுதுங்க, நானும் கேக்கணும்.

நான் சொல்றது ஒண்ணுதான். பாடகரைத் தேடாதீங்க, இடத்தைப் பிடிங்க. லண்டன்ல பேரு தெரியாம பாடறவங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க, ஒவ்வொருத்தரா தேடிப்போக முடியாது. ஆனா நல்ல சின்ன இடம் ஒண்ணு இருந்தா அங்க யாரு பாடணும்னு முடிவு பண்றது ஒருத்தரோ ரெண்டு பேரோ தான், வர்ற டெமோவையெல்லாம் கேட்டு, மத்த ஊர் கிளப்ல போய்ப் பாத்து, இவங்க தேறுவாங்கன்னு நம்பிக் கூப்பிடறாங்க. அதே இடத்துக்கு ஒரு வருஷம் போய்ட்டு வந்தா அந்த ஆளோட காது உங்களுக்குப் பழகிடும், அப்புறம் போஸ்டர்ல இருக்கற பேரைப் பாக்காமலே டிக்கெட் எடுப்பீங்க. மார்கழியில மியூசிக் அகாடமில மத்தியானம் டிக்கெட் இல்லாத கச்சேரிக்குப் போய் உக்காந்தவங்களுக்கு இது நல்லாப் புரியும், பத்து வருஷம் கழிச்சு சாயங்காலப் பெரிய கச்சேரி பாடப்போறவங்க இப்ப அங்கதான் பாதி காலி நாற்காலிக்கு முன்னாடி உக்காந்து பாடிட்டு இருப்பாங்க.

இந்த ஊர்ல ஃபோக் வளர்ந்ததே இப்படி இடங்களாலதான். சோஹோல கிரீக் ஸ்ட்ரீட்டுல ஒரு ஓட்டலுக்குக் கீழ, நிலவறையில லே கசன்னு ஒரு கிளப் 1965-ல ஆரம்பிச்சாங்க, 1972 வரைக்கும் இருந்துச்சு. வார இறுதின்னா ராத்திரி முழுக்கப் பாட்டு. பெர்ட் ஜான்ஷ், ஜான் ரென்போர்ன், சாண்டி டென்னி, அல் ஸ்டூவர்ட், ராய் ஹார்ப்பர் எல்லாரும் அங்க பாடினவங்க, ஒருத்தர் வாசிக்கறதை இன்னொருத்தர் முன்வரிசையில உக்காந்து விரலைப் பாத்துக் கத்துகிட்டாங்க. ஜான்ஷோட முதல் ஆல்பம் வந்ததும் அதே வருஷம்தான், பில் லீடர்ங்கறவர் வீட்டுல டேப் ரெக்கார்டர் வெச்சுப் பதிவு பண்ணினது, கம்பெனிக்கு 100 பவுண்டுக்குக் கைமாறுச்சு. இன்னைக்கு அதைக் கேட்டாலும் அந்தச் சின்ன ரூம் காதுல விழும்.

இது பழைய கதைன்னு நினைக்காதீங்க. 2006-ல நாட்டிங் ஹில் ஆர்ட்ஸ் கிளப்போட பேஸ்மெண்டுல கம்யூனியன்னு ஒரு இசை நைட் ஆரம்பிச்சாங்க, ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர் பென் லவெட், பின்னாடி மம்ஃபர்ட் அண்ட் சன்ஸ்ல கீபோர்டு வாசிச்சவர். அந்த பேண்டோட பாடகர் மார்கஸ் மம்ஃபர்ட் அப்ப லாரா மார்லிங்ங்கற பாடகிக்கு டிரம்ஸ் வாசிச்சிட்டு இருந்தாரு. மார்லிங் அப்ப ரொம்பச் சின்னப் பொண்ணு, பதினெட்டு ஆகலைன்னு ஒரு கிளப்புல உள்ளயே விடல, வெளிய தெருவுலயே நின்னு பாடினாங்க. பதினெட்டு வயசுல முதல் ஆல்பம், பிரிட்டன், அயர்லாந்து ஆல்பங்களுக்குக் குடுக்கற மெர்க்குரி பரிசோட 2008 பட்டியல்ல வந்துச்சு. மம்ஃபர்ட் அண்ட் சன்ஸ் 2013-ல கிராமில ஆண்டின் சிறந்த ஆல்பம் வாங்கினாங்க. பாடகர் மைக்கேல் கிவானுகாவோட முதல் பாட்டுகளை வெளியிட்டதும், பின்னாடி ரெக்கார்டு கம்பெனியாவும் ஆன அதே கம்யூனியன்தான். டப்ளின்ல லங்கம் பேண்ட் எடுத்துக்கங்க, பப்புல எல்லாரும் சேர்ந்து உக்காந்து வாசிக்கற செஷன்கள்ல ஒருத்தரை ஒருத்தர் பாத்து சேர்ந்தவங்க. லண்டன்ல காப்ளின் பேண்ட் சேர்ந்தது ஹாப்காப்ளின்ங்கற வாத்தியக் கடையிலதான், ரொம்பப் பழைய பாட்டையெல்லாம் போன வாரம் நடந்த கதை மாதிரி பாடறாங்க, கிடைச்சா விடாதீங்க.

ஆனா இன்னொண்ணும் சொல்லணும், ரூம் எப்பவும் சரியாத்தான் கேக்கும்னு கிடையாது. நிக் டிரேக்னு ஒரு இங்கிலீஷ் பாடகர், மேடையில ஒவ்வொரு பாட்டுக்கும் கிட்டாரோட சுருதியை மாத்தணும், ஒரு வார்த்தை பேச மாட்டாரு, அந்த இடைவெளியில கூட்டம் சளசளன்னு பேச ஆரம்பிச்சிடும், மேடைக் கச்சேரியையே விட்டுட்டாரு. மூணு ஆல்பம், உயிரோட இருந்தப்ப பெருசா விக்கவே இல்ல, 1974-ல 26 வயசுல போயிட்டாரு. 1999-ல ஒரு கார் விளம்பரத்துல பாட்டு வந்த பிறகுதான் உலகம் தேடி வாங்குச்சு. எனக்கு இதை நினைச்சா இன்னும் மனசு ஆறாது. அதனாலதான் சொல்றேன், பாடறவங்க சுருதி சேக்கறப்பவும் பேசாம இருங்க. கேம்டன் பார்க்வேல கிரீன் நோட்னு ஒரு சின்ன இடம், 2005-ல இருந்து நடத்தறாங்க, அங்க பாட்டு நடக்கறப்ப யாரும் பேசக்கூடாது. அங்கயே ஆரம்பிங்களேன். பாடகர் சாம் லீ ஆரம்பிச்ச நெஸ்ட் கலெக்டிவ் நடத்தறதையும் பாருங்க, கோடையில தீ மூட்டி சுத்தி உக்காந்து கேக்கற கச்சேரியெல்லாம் வெப்பாங்க, மைக் ஸ்பீக்கர் எதுவும் இல்லாம.

ஃபோக் கிளப்னு தனியா இருக்கு, அது நீங்க போன மாதிரி பேண்ட் கச்சேரி இல்ல. பப்போட மாடி ரூம் இல்லனா பின்கட்டு, வாசல்ல ஒருத்தர் மேசை போட்டு காசு வாங்குவாரு. முதல்ல கிளப்போட ஆளுங்க ரெண்டு பாட்டு பாடுவாங்க, அப்புறம் ஃப்ளோர் ஸ்பாட், அதாவது வந்திருக்கறவங்கள்ல யாரு வேணா எந்திரிச்சு ஒண்ணு ரெண்டு பாடலாம், அப்புறம் கெஸ்ட், அதாவது அன்னைக்குக் கூப்பிட்டிருக்கற பாடகர், நடுவுல ராஃபிள்னு குலுக்கல் சீட்டு. வாங்கிடுங்க, கெஸ்டுக்குச் சம்பளம் குடுக்க அந்தக் காசு உதவும். பாதிப் பேருக்கு அறுபது வயசுக்கு மேல இருக்கும். அதைப் பாத்துத் திரும்பிடாதீங்க, அந்த ஃப்ளோர் ஸ்பாட்டுலதான் இருபது வயசுப் பையன் ஒருத்தன் நடுங்கிகிட்டே வந்து நின்னு பாடுவான், ரெண்டாவது பாட்டுல ரூமே அடங்கிடும். அந்த மாதிரி ராத்திரி எல்லா வாரமும் வராது, நிறைய வாரம் சுமாராத்தான் போகும். பொறுமையா இருங்க.

காசு பத்தியும் பேசணும், நீங்க கேக்கலைன்னாலும். ஸ்பாட்டிஃபைல 2024-ல இருந்து ஒரு பாட்டு முந்தின 12 மாசத்துல 1,000 தடவையாவது ஓடலைன்னா அதுக்கு ராயல்டியே கிடையாது. நீங்க கேட்ட அந்தப் பொண்ணோட ரெண்டு பாட்டுக்கு அநேகமா ஒரு பைசா வந்திருக்காது. கச்சேரி முடிஞ்சதும் மேடை ஓரத்துல சிடி, டி-ஷர்ட் வெச்சிருப்பாங்க, ஒண்ணு வாங்குங்க, சின்ன இடங்கள்ல பெரும்பாலும் அது முழுசா அவங்க கைக்கே போகும். சிடி ப்ளேயர் இல்லன்னா பேண்ட்கேம்ப்னு பாடறவங்களே நேரா விக்கற இணையதளத்துல வாங்குங்க, அங்க டிஜிட்டல் விற்பனைல கம்பெனி எடுக்கறது 15 சதவீதம். அவங்க மெயிலிங் லிஸ்ட்ல பேரு எழுதிக் குடுங்க, அடுத்து எங்க பாடறாங்க, யாரு கூட பாடறாங்கன்னு வரும், அந்தக் கூடப் பாடறவங்கதான் நீங்க கேக்கவேண்டிய அடுத்த ஆள். எனக்குப் பிடிச்ச பாதிப் பேர் இப்படித்தான் கிடைச்சாங்க, ஒருத்தர் கையைப் பிடிச்சு இன்னொருத்தர்.

இடங்களும் போய்ட்டே இருக்கு. 2023-ல மட்டும் பிரிட்டன்ல 125 சின்ன இசை இடங்கள் கச்சேரியை நிறுத்திடுச்சுன்னு அந்த இடங்களுக்காக இருக்கற மியூசிக் வென்யூ டிரஸ்ட்ங்கற அமைப்போட கணக்கு சொல்லுது. வாடகை, கரண்ட் பில், பக்கத்துல புதுசா வந்த ஃபிளாட்காரங்க சத்தம்னு குடுக்கற புகார், எல்லாம் சேர்ந்து. டப்ளின்ல காபிள்ஸ்டோன்னு பேர்போன செஷன் பப் இருக்கு, 2021-ல அந்த இடத்துல ஓட்டல் கட்ட பிளான் போட்டாங்க, பாடறவங்களும் கேக்கறவங்களும் வாத்தியத்தோட தெருவுல இறங்கிட்டாங்க, மாநகராட்சி அனுமதி மறுத்துடுச்சு. எல்லா இடத்துக்கும் அவ்ளோ பேர் வந்து நிக்க மாட்டாங்க. ஒரு செவ்வாய்க்கிழமை மழையில நீங்க போய் வாங்கற டிக்கெட்டுலதான் அந்த மாதிரி இடம் நடக்கும்.

ஒண்ணும் தெரியாதுன்னு எழுதியிருக்கீங்க. தெரியவேண்டாம் தம்பி, போகப்போக வரும். இந்தப் பாட்டெல்லாம் யாருக்கும் முன்னாடியே தெரிஞ்சது இல்ல, கேட்டுத்தான் வந்துச்சு. ஸ்கார்பரோ ஃபேர்ங்கற பழைய இங்கிலீஷ் பாட்டை சைமன் அண்ட் கார்ஃபங்கல்ங்கற அமெரிக்க ஜோடியோட பாட்டுன்னு உலகமே நினைச்சிட்டு இருக்கு, பால் சைமன் அதை 1965 வாக்குல லண்டன்ல மார்ட்டின் கார்த்திங்கற ஃபோக் பாடகர் கிட்ட கேட்டுக் கத்துகிட்டாரு. ரெக்கார்டுல கார்த்தி பேரு இல்ல, ரொம்ப வருஷ வருத்தம், 2000-ல சைமன் தன் லண்டன் கச்சேரிக்குக் கூப்பிட்டு ரெண்டு பேரும் சேர்ந்து பாடினப்பதான் அது தீந்துச்சு. கேம்டன்லயே சிசில் ஷார்ப் ஹவுஸ்னு இங்கிலீஷ் ஃபோக்குக்கான மையம் இருக்கு, 1930-ல கட்டினது, உள்ள ஒரு நூலகம், பாட்டு எங்க யாரு கிட்ட சேகரிச்சாங்கங்கற விவரமெல்லாம் கிடைக்கும். ஒரு பாட்டு உங்களை விடாம பிடிச்சுகிச்சுன்னா அப்ப அங்க போய்த் தேடுங்க, அதுக்கு முன்னாடி படிச்சுட்டுத்தான் போகணும்னு இல்ல.

கடைசியா, நம்ம ஆள் நான் ஒருத்தன்தான்னு சொன்னது. ஆமா, பல ரூம்ல அப்படித்தான் இருக்கும், எனக்கும் அப்படித்தான், முதல் ரெண்டு மூணு வாரம் உறுத்தும். ஓரமா உக்காராதீங்க, முன்னாடி உக்காருங்க, அடுத்த தடவை வாசல்ல காசு வாங்கறவரு பேரைச் சொல்லிக் கூப்பிடுவாரு. ஒரு காலத்துல யூவன் மெக்கால்ங்கற ஃபோக் பாடகர் நடத்தின சிங்கர்ஸ் கிளப்புல அவங்கவங்க தன் மொழி, தன் ஊர்ப் பாட்டைத்தான் பாடணும்னு கண்டிப்பே வெச்சிருந்தாங்க, அமெரிக்கப் பாட்டை லண்டன்காரர் அமெரிக்கர் மாதிரி பாடக்கூடாதுன்னு. எனக்கு அவ்ளோ கண்டிப்புல உடன்பாடு இல்ல, ஆனா அந்தக் கணக்குப்படி பாத்தா உங்க பாட்டி பாடின தாலாட்டுக்கு அந்த ரூம்ல முழு இடம் உண்டு. சில கிளப்புல வட்டமா உக்காந்து ஒவ்வொருத்தரா பாடிட்டு வருவாங்க, உங்க முறை வந்து பாடத் தோணலைன்னா 'பாஸ்'னு சொன்னா போதும், பக்கத்துல இருக்கறவங்க ஆரம்பிச்சிடுவாங்க.

அன்புடன்,
அக்கா