பள்ளிக்கு அருகில் ஆலை: நில வகைமாற்றத்தை எதிர்ப்பது பற்றி

வீடுகளுக்கும் பள்ளிக்கும் அடுத்துள்ள நிலத்தை ஆலைக்காக வகைமாற்றம் (அதாவது, நிலத்தின் அனுமதிக்கப்பட்ட பயன்பாட்டை மாற்றுதல்) செய்துவிட்டதாகவும், பலரும் கையெழுத்திட்ட மனுவுக்குப் பதிலே இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். முதலில் வகைமாற்ற ஆணையின் தேதியைப் பாருங்கள். மேல்முறையீட்டுக்கான காலவரம்பு பெரும்பாலும் சில வாரங்களே என்பதால், அது கடந்துவிட்டால் மிக நியாயமான வழக்குகூட வாசலிலேயே நின்றுவிடக்கூடும்.

நிலப்பயன்பாட்டைத் திட்டமிடும் அதிகாரிகளின் மதிப்பீட்டில் நீதிமன்றங்கள் பொதுவாகத் தலையிடத் தயங்கும். ஆகவே, முடிவு தவறு என்பதைவிட, அண்டை வீட்டாருக்கு அறிவிப்பு வந்ததா, ஆட்சேபங்களுக்குக் காரணத்துடன் பதில் பதிவாகியுள்ளதா, ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற நிலப்பயன்பாட்டுத் திட்டத்தோடு இம்மாற்றம் பொருந்துகிறதா என்று கோப்பின் நகலைப் பெற்று ஆராய்வதே பலன் தரும் என்பது என் கருத்து. கையெழுத்துகளின் எண்ணிக்கை அரசியலுக்கு உதவும். வழக்குக்கு அவ்வளவாக உதவாது.

ஆலை இயங்கத் தொடங்குமுன்பே காற்றின் தரத்தைப் பள்ளி வளாகத்தில் அளந்து வையுங்கள். பிஎம் 2.5 எனப்படும், 2.5 மைக்ரோமீட்டருக்கு மிகாத நுண்துகள்களுக்கான ஆண்டுச் சராசரி வரம்பை, 2021-இல் உலக சுகாதார நிறுவனம் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. அது சட்டமல்ல, வழிகாட்டுதல் மட்டுமே. எனினும் நிபுணர் அறிக்கையில் அதற்கு எடை உண்டு. கட்டுமானம் தொடங்கிவிட்டால், முறையீட்டுடனேயே இடைக்காலத் தடையும் கோருங்கள்.