பொந்து விழுந்த மரங்களை வெட்டிவிட்டுப் புதிதாக நட்டால் என்ன?

கேள்வி: கனடாவில் பிரின்ஸ் ஜார்ஜ் நகரில் இருக்கிறோம். ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை ‘ஏன்ஷியன்ட் ஃபாரஸ்ட்’ பூங்காவுக்கு அழைத்துப்போக ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி. எப்போது போகலாம்? இன்னொன்று, அங்கே பெரிய மரங்கள் பலவும் உள்ளே பொந்து என்கிறார்கள். அவற்றை வெட்டிவிட்டுப் புதிதாக நட்டால் காடு வளர்ந்துவிடாதா?

பதில்: தாராளமாக அழைத்துப்போங்கள். 16-ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே சுமார் 115 கி.மீ. வண்டி நிறுத்துமிடத்திலிருந்தே சக்கர நாற்காலி போகும்படி பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு அது போதும். ஜூன் பிற்பாதி முதல் செப்டம்பர் வரை நல்லது. பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள், செல்போன் சிக்னலை நம்பாதீர்கள். கொசு உண்டு.

முடிந்தால் மழை விட்ட மறுநாள் போங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் மழைக்காடு இது. பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று இங்குள்ள மலைகளில் ஏறும்போது மழையாகவும், குளிர்காலத்தில் ஏராளமான பனியாகவும் கொட்டுகிறது. அந்தப் பனி உருகி, கோடையிலும் மலையடிவாரத்து மண்ணுக்குள் ஊறிக்கொண்டே இருக்கிறது. அதனால் அடிவாரத்தில் காட்டுத்தீ அபூர்வம். செடார் மரங்கள் ஆயிரம் ஆண்டும் தாண்டி நிற்கின்றன. நடுக்கட்டை உளுத்துப் பொந்தாவது முதிய செடாருக்கு சகஜம், மரம் சாகிறது என்று பொருளில்லை. வளையம் எண்ணி வயது சொல்லத்தான் வழியில்லாமல் போகிறது.

அண்ணாந்து பார்த்தது போதும் என்றானதும் கிளைகளைக் கவனியுங்கள். கீரை இலை அளவில் மடிப்பு மடிப்பாகத் தொங்குவது லங்வொர்ட் என்னும் லைக்கன், அதாவது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர். நம் பிரியாணிக் கல்பாசியும் லைக்கன்தான். காய்ந்தால் பழுப்பாகச் சுருண்டிருக்கும், நனைந்தால் பளிச்சென்று பச்சையாகிவிடும். மழை விட்ட மறுநாள் போகச் சொன்னது இதற்குத்தான். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் காட்டுக்கு உரமாக்குகிறது.

நட்டால் மரம் வரும், சரி. இந்த லைக்கன்கள் வருமா? அங்குள்ள பல்கலைக்கழக ஆய்வு ஒன்று (2004) 120 முதல் 140 வயதான ஹெம்லாக் என்னும் ஊசியிலை மரங்களைப் பார்த்தது. பழங்காட்டோடு ஒப்பிட்டால் நைட்ரஜன் பிடிக்கும் வகைகள் அவற்றில் மிகக் குறைவு. நூறு வருடம் பொறுத்தும் கணக்கு நேராகவில்லை.

கரிபூ மான்களின் கதை இன்னும் மோசம். கிளைகளில் முடி போலத் தொங்கும் லைக்கன்தான் அவற்றின் குளிர்காலத் தீனி. வெட்டிய இடத்தில் புதர் மண்டும். அதைத் தின்ன மூஸ் என்னும் பெரிய மான் வரும், மூஸைத் தேடி ஓநாய் வரும், அந்த ஓநாயிடம் கரிபூவும் மாட்டும். ஆக, நடுவதை நான் எதிர்க்கவில்லை, வெட்டியதற்கு ஈடாக அதைச் சொல்வதைத்தான் ஏற்க முடியாது.

நீங்கள் நடக்கப்போகும் இடத்திலேயே 2005 வாக்கில் வெட்டுவதற்குக் குறியிட்டிருந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் போராடி, 2016-இல் மாகாணப் பூங்காவானது. இதே வகைக் காடு பூங்கா எல்லைக்கு வெளியிலும் உண்டு. அதற்கு அந்தக் காவல் இல்லை.

அப்புறம், பாதையோரம் அகல இலையோடு நிற்கும் ‘டெவில்ஸ் கிளப்’ செடியை அப்பா தொட்டுப் பார்க்கப் போகிறார், முன்பே சொல்லிவையுங்கள். தண்டெல்லாம் முள், இலைக்கு அடியிலும் முள்.