ஓரத்தில் நிற்பவரை வெட்டாதீர்கள்: வாசகர் கேள்வி பதில்

பழைய குடும்பப் படங்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, காரைக்குடியில் அப்பா காலத்திலிருந்து ஸ்டூடியோ நடத்துபவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: எங்கள் ஐயாவின் (தாத்தாவின்) பெட்டியில் ஒரு படம் கிடைத்தது. வற்றிய கண்மாய்க்குள் நிறையப் பேர் இடுப்பில் துண்டோடு நிற்கிறார்கள். கையில் அடிப்பக்கம் இல்லாத கூடை மாதிரி ஒன்று. முன்னால் தரையில் மீன் குவிந்து கிடக்கிறது. இது என்ன விசேஷம்? எந்தக் காலத்துப் படம்?
- பள்ளத்தூர் வாசகி

பதில்: அது ஊத்தா, ஆச்சி. நீங்கள் வைத்திருப்பது மீன்பிடித் திருவிழாப் படம். கோடையில் கண்மாய்த் தண்ணீர் முழங்காலளவுக்கு இறங்கியதும் ஊரில் நாள் குறித்துச் சொல்லிவிடுவார்கள். விடியுமுன்பே சுற்றுப்பட்டு சனமெல்லாம் கரையில் வந்து நிற்கும். ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசியதும் மொத்தப் பேரும் ஒன்றாக இறங்குவார்கள். ஊத்தாவை அகன்ற வாய் கீழே இருக்கும்படி சேற்றில் குத்த வேண்டும். மீன் அகப்பட்டால் உள்ளே சிம்பில் மோதும். அது கைக்குத் தெரிந்துவிடும். மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவி எடுக்க வேண்டியதுதான். கெளுத்தி என்றால் முள் குத்தும், விரால் என்றால் வழுக்கும். சிவகங்கைச் சீமையில் இன்றைக்கும் நடக்கிறது. ஒருமுறை போய்ப் பாருங்கள்.

காலத்துக்கு வருவோம். முதலில் படத்தைத் திருப்புங்கள். பின்னால் 'போஸ்ட் கார்டு' என்று அச்சிட்டிருந்தால் பழையது. படம் சதுரமாக இருந்தால் பெரும்பாலும் 12 படம் விழும் 120 பிலிமில் எடுத்தது. ஆக்ஃபா கிளிக் 3 மாதிரிக் கேமராக்கள் நம் பக்கம் புழங்கிய காலமாக இருக்கலாம்.

அப்புறம் அந்த மீன் குவியலை லென்ஸ் வைத்துப் பாருங்கள். உடம்பு அகன்று, முதுகு நெடுக முள்துடுப்பு நிற்கிற ஜிலேபி மீன் ஒன்று கண்ணில் பட்டால் போதும். அந்த மீன் இந்தியாவுக்கு வந்ததே 1952இல்தான். படம் அதற்குப் பிறகு எடுத்தது என்று அடித்துச் சொல்லலாம். ஜிலேபி இல்லை என்பதற்காக முந்தியது என்று சொல்லிவிட முடியாது. அன்றைக்கு அகப்படாமலும் இருந்திருக்கும்.

கேள்வி: அப்பச்சியின் (அப்பாவின்) அறுபதாம் சாந்திக்கு ஐயா படத்தைப் பெரிதாக்கி மாட்டப் போகிறோம். ஊரணிக்கரையில் மாட்டுவண்டிக்கு முன்னால் ஐயா நிற்கிறார். ஓரத்தில் மாட்டைப் பிடித்துக்கொண்டு ஒருவர், பின்னால் குடத்தோடு இரண்டு பெண்கள். அவர்கள் யாரென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ஐயாவை மட்டும் வெட்டியெடுத்துப் பின்னணியை மாற்றித் தருவதாகக் கடையில் சொல்கிறார்கள். செய்யலாமா?
- கோவையில் வசிக்கும் கானாடுகாத்தான் வாசகர்

பதில்: செய்யாதீர்கள் தம்பி. ஐயா தனியாக நிற்கும் படம் வேண்டுமென்றால் உங்கள் வீட்டு முகப்பிலேயே இருக்கும். வட்ட மேசை, பூச்சாடி, தீட்டிய திரை, ரங்கூன் ஸ்டூடியோ முத்திரை. அந்த மாதிரிப் படம் செட்டிநாட்டில் வீட்டுக்கு வீடு உண்டு. வெளியில் எடுத்த படம்தான் அருமை. முக்காலி, கேமராப் பெட்டி, கண்ணாடி பிளேட்டுகள், கறுப்புத் துணி என்று அத்தனையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வரவேண்டிய காலம். இவ்வளவு பாடுபட்டு ஊரணிக்கரைக்குக் கூட்டி வந்திருக்கிறார்கள் என்றால், தம் ஊரோடு நின்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உங்கள் ஐயா ஆசைப்பட்டிருக்கிறார்.

நீங்கள் அனுப்பிய பிரதியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வண்டிக்காரரின் இடது கையில் கயிறு இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கிறது. வலது கை மாட்டின் தாடையைத் தடவிக் கொடுக்கிறது. மாட்டின் காது மட்டும் கலங்கித் தெரிகிறது, மற்றபடி படம் முழுக்கத் துல்லியம். லென்ஸ் மூடியைக் கையால் திறந்து மூடி எடுத்த காலத்தில் ஆளும் மாடும் அசையாமல் நிற்க வேண்டும். அந்த மனிதர் மாட்டை அமர்த்திப் பிடித்ததால்தான் உங்கள் ஐயாவின் முகம் இவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறது. அவரை வெட்ட எனக்கு மனசு வராது.

அந்தப் பெண்களையும் பாருங்கள். அது குடிதண்ணீர் ஊரணி. குளிக்கவோ மாடு இறக்கவோ விடமாட்டார்கள். அதனால்தான் செம்புறாங்கல் படிக்கட்டில் ஒரு அழுக்கில்லை. நிழல் நீளமாக விழுந்திருக்கிறது, குடம் இடுப்பில் இருக்கிறது. காலைத் தண்ணீர், இல்லாவிட்டால் சாயங்காலத் தண்ணீர். அவர்கள் படத்துக்காக நின்றவர்கள் இல்லை. வழியில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள். ஒருத்தி சிரிக்கிறாள்.

சாந்திக்கு முழுப் படத்தையே மாட்டுங்கள். அப்படியே ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய், ஊரணிப் பக்கத்துத் தெருவில் வயதானவர்களிடம் காட்டுங்கள். வண்டிக்காரரின் பேரப்பிள்ளைகள் அங்கேயே இருக்கலாம். ஸ்டூடியோவில் போய் உட்காரும் வசதி அவருக்கு இருந்திருக்காது. அந்தக் குடும்பத்தில் அவர் முகத்தைப் பார்த்தே இராத பிள்ளைகள் இருப்பார்கள். கண்டுபிடித்தால் சட்டம் போட்ட படமாகவே கொண்டுபோய்க் கொடுங்கள்.

கேள்வி: சுவரில் மாட்டியிருந்த அப்பத்தா படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. உரித்து எடுக்கலாமா?
- தேவகோட்டை வாசகி

பதில்: உரிக்கவே கூடாது. படத்தின் மேற்பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டால் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும், கையில் வெறும் தாள்தான் வரும். பொட்டு வைக்கும்போது சந்தனத் தண்ணீர் சட்டத்துக்குள் இறங்குவதும், மழைக்காலத்தில் சுவர் ஓதம் காப்பதும்தான் நான் அதிகம் பார்க்கும் காரணங்கள்.

கண்ணாடியோடேயே படம் எடுத்துவிடுங்கள். உலர்ந்த துணியால் வெளிப்பக்கத்தைத் துடைத்து, வளவுத் தாழ்வாரத்தில் வெயில் நேரே விழாத இடத்தில் வையுங்கள். பிளாஷ் வேண்டாம். ஒரு கறுப்புத் துணியில் ஓட்டை போட்டு, லென்ஸ் மட்டும் தெரியும்படி பிடித்துக்கொண்டு எடுத்தால் கண்ணாடியில் உங்கள் பிம்பம் விழாது. பின்பலகைக்குள் பழைய செய்தித்தாள் வைத்திருந்தால் எடுத்துப் போடுங்கள். ராமபாணப் பூச்சி அதில்தான் குடியிருக்கும்.

கேள்வி: வீட்டைப் பங்கு பிரிக்கிறார்கள். ஒரு பெட்டி நிறையப் படங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் போட்டுவிடலாம் என்கிறார் அண்ணன்.
- கண்டனூர் வாசகர்

பதில்: அண்ணனிடம் சொல்லுங்கள், அந்தத் தெருவில் சட்டத்துக்குத்தான் விலை. தேக்குச் சட்டத்தை விற்பதானால் விற்கட்டும், படத்தை உருவி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஊர் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஒரு தனி மனிதர் பழைய புத்தகம், இதழ், நோட்டீஸ் என்று சேர்த்து வைத்ததைக் கொண்டுதான் 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் வந்தது. பழைய தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் வேலையைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் செய்திருக்கிறது. எதையும் செய்யுமுன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, பங்காளிகள் அத்தனை பேருக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். அப்புறம் படத்துக்காகப் பங்குச் சண்டை வராது.

கேள்வி: ஆயாவிடம் படத்தைக் காட்டி யாரென்று கேட்டால் "நினைவில்லைப்பா" என்கிறார். எப்படிக் கேட்பது?
- சிங்கப்பூர் வாசகர்

பதில்: யாரென்று கேட்காதீர்கள். இது எந்த ஊரணி, இந்த வருஷம் கண்மாய் பெருகியதா, இந்த மாட்டை எங்கே வாங்கினார்கள் என்று கேளுங்கள். மாட்டைச் சொன்னால் மஞ்சுவிரட்டு வரும், சிராவயலுக்கு வண்டி கட்டிப் போன கதை வரும், கதைக்குள்ளேயே வண்டியில் உட்கார்ந்திருந்தவர் பெயரும் வந்துவிடும். மத்தியானச் சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும் நேரம் நல்லது. சொல்வதைச் செல்பேசியில் பதிந்துகொண்டு, அன்றைக்கே பெயர்களைப் படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதிவிடுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் தழும்பு விழும்.